மருதவேலியின் வாய்ச்சோதனை

மதிலில்லாத நாடுகள் உலகில் குறைவு. மருதவேலி அவற்றுள் ஒன்று. மூன்று பக்கமும் அதைச் சுற்றிப் பேராறு ஓடியது. கரை நெடுக மருதமரங்கள் நின்றன. நாட்டை உண்டாக்கியவர்களுக்குக் கல் கிடைக்கவில்லை, ஆகவே மரம் நட்டார்கள். வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொண்டன; மண் ஊரைப் பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தில் ஆறு நுரைத்துக்கொண்டு வரும், கரையை ஒருமுறை முகர்ந்து பார்க்கும், திரும்பிப் போகும்.

அந்த நாட்டின் சின்னம் சிங்கமோ யானையோ அல்ல. ஒரு சாம்பல்நிற அந்துப்பூச்சி. திருட்டு அமைச்சர்களால் மனம் நொந்த பழைய அரசர் ஒருவர் ஒரு மாலையில் மருதமரத்தடியில் உட்கார்ந்திருந்தாராம். மரப்பட்டையிலிருந்து ஒரு பூச்சி வெளியே வந்து அவர் சட்டைக் கையில் அமர்ந்தது. தேன் வைத்தார், தொடவில்லை. வெல்லம் வைத்தார், திரும்பியும் பார்க்கவில்லை. அரண்மனை மருத்துவர் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, இதற்கு உண்ணும் வாயே இல்லை என்றார். அரசர் கண்கலங்கினார். இப்படி ஓர் அமைச்சன் தனக்கு வாய்க்கவில்லையே என்றார்.

அன்றே சட்டம் பிறந்தது. மருதவேலியில் பதவி ஏற்பவர் பொதுக்களஞ்சியத்திலிருந்து ஒரு பருக்கையும் உண்ணலாகாது. பதவி ஏற்குமுன் ஊரறிய அவர் வாயைச் சோதிக்க வேண்டும். அந்துப்பூச்சியின் ஆயுள் சிறியது என்பதால் பதவிக்காலமும் ஒரே ஒரு பருவம்தான். ஆளும் கலை ஒரு பருவத்தில் வந்துவிடாது என்பதால், அமைச்சராகப் போகிறவர்கள் இளவயதிலேயே களஞ்சியத்தைச் சுற்றிக் கட்டிய உள்மனைக்குள் அனுப்பப்பட்டார்கள். உள்ளே போனவர்களைப் பல ஆண்டுகளுக்கு யாரும் பார்க்க முடியாது. பிறகு ஒரு நாள், சாம்பல்நிறப் பட்டு உடுத்தி, மாசு மருவற்று வெளியே வருவார்கள்.

அந்த அரசரை அறிவில்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. தம் கண்ணால் கண்டதைத்தான் அவர் நம்பினார். கண்டது மாலையில், அவ்வளவுதான்.

இந்தக் கதை நடந்தபோது வாய்ச்சோதனை அதிகாரியாக இருந்தவள் வேண்மாள். நாற்பதைக் கடந்தவள். அவளிடம் ஒன்று கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் கேட்டவர் வேறு வேலையைத் தொடங்கிவிடலாம். அவ்வளவு நேரம் மௌனமாக இருப்பாள். அந்தப் பதவிக்கு அவளைத் தேர்ந்ததும் அதனால்தான். வேலையும் எளிது. அவை முற்றத்து மேடையில் வந்து நிற்பவரிடம் அவள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: “பசிக்கிறதா?” அவர் “பசியில்லை” என்பார். வாயைத் திறக்கச் சொல்லி, பல்லிடுக்கும் நாவடியும் பார்த்து, “வாய் தூய்மை” என்று அறிவிப்பாள். கூட்டம் ஆரவாரிக்கும். ஒருநாளும் அவளுக்குப் பொய் சொல்ல நேர்ந்ததில்லை. வந்தவர்கள் எல்லாருடைய வாயும் உண்மையிலேயே தூய்மையாக இருந்தது.

வேண்மாளின் வீடு ஆற்று வளைவில், கரைத்தெருவில் இருந்தது. கொல்லைப்புறத்தில் மருதமரம். நாட்டுச் சின்னத்தைச் சோதனை அதிகாரி அறிந்திருக்க வேண்டாமா என்று, பதவிக்கு வந்த புதிதில் அந்த மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். பிறகு அது பழக்கமாகிவிட்டது. மற்றவர்கள் கோயிலில் உட்காருகிற மாதிரி அவள் அங்கே உட்கார்ந்தாள்.

அவள் பார்த்தது இது. தாய்ப்பூச்சி பட்டை வெடிப்பில் முட்டைகளைச் செருகிவிட்டுச் சில நாளில் செத்துப்போகிறது. பொரிந்து வரும் புழு நூலைவிட மெல்லியது. அது பட்டைக்குள் நுழைகிறது. நுழைந்த இடம் தெரிவதில்லை. அதன் பிறகு பல மழைக்காலங்கள் அது மரத்துக்குள்ளேயே வாழ்கிறது. கண்ணுக்கு வெளிச்சமில்லை, துணையில்லை, காற்றில்லை. மரத்தைத் தின்று, தின்ற இடத்திலேயே குடியிருந்து, இருட்டில் மேலே மேலே போகிறது. ஒரு சிறு துளை வழியாகத் தூளை மட்டும் வெளியே தள்ளுகிறது. கட்டைவிரல் அளவு பருத்த பிறகு, போன வழியை விட்டுத் திரும்பி, பட்டையை நோக்கி வருகிறது. பட்டையை முழுக்கத் துளைப்பதில்லை. தாளளவு மெல்லியதாக ஒரு கதவை விட்டுவைத்துவிட்டு, அதன் பின்னால் கூட்டுப்புழுவாகிப் படுத்துக்கொள்கிறது. பிறகு ஒரு மாலை அந்தக் கதவை முட்டித் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டுகிறது. ஓடு வெடிக்கிறது. சாம்பல்நிறச் சிறகு விரிகிறது. வெற்று ஓடு மட்டும் துளையில் துருத்திக்கொண்டு நிற்கிறது.

அந்தக் கதவுதான் வேண்மாளை வியக்க வைத்தது. சிறகு வந்த பிறகு பூச்சிக்குத் தாடை இருக்காது. அப்போது மரத்தை அறுக்க முடியாது. அதனால் தாடை இருக்கும்போதே புழு வாசலைச் செய்து வைக்கிறது. தனக்கு வாயில்லாமல் போகப் போவதை வாயுள்ளபோதே அறிந்து வழிசெய்துகொள்கிற வேறோர் உயிரை அவள் கண்டதில்லை. வணங்கத் தோன்றியது. வணங்கியும் இருக்கிறாள்.

ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது முதுகு மரத்தில் இடித்தது. எழுந்த ஓசை மரத்தின் ஓசையாக இல்லை. காலிப் பானையின் ஓசையாக இருந்தது. பிறகு தெருவின் ஒவ்வொரு மரத்தடியிலும் போய்ச் சாய்ந்து பார்த்தாள்.

இதற்கிடையே அவை சும்மா இருக்கவில்லை. மரங்களின் அடியில் தூள் குவிவதாக முறையீடு வந்தது. அவைமூத்தவர் பெருஞ்சேந்தனார் ஆழ்ந்து யோசித்து, அது தூளல்ல, பொற்பொடி என்று அறிவித்தார். அதிகப் பொடி குவிந்த தெருவுக்கு விருது என்றார். நல்ல மரம் வைத்திருந்தவர்கள் வெட்கப்பட்டு, பக்கத்துத் தெருவிலிருந்து தூள் வாங்கிவந்து கொட்டினார்கள். அடுத்து மரங்கொத்திகள் நாடு கடத்தப்பட்டன. கரை மரங்களில் துளையிடும் பறவைகள் பகைவரின் ஏவலாட்கள் என்பது தெளிவாகிவிட்டது என்றார் பெருஞ்சேந்தனார். பறவைகள் போன பிறகு புழுக்கள் நிம்மதியாக வளர்ந்தன. பின்னர் மரத்தைத் தட்டுவதும் அதன்மேல் சாய்வதும் குற்றமாயிற்று. நலமாக இருப்பவரைத் தட்டிப் பார்ப்பது அவமதிப்பு என்பது அதற்கான விளக்கம். பிறகு ஒரு மரம் காற்றே இல்லாத நண்பகலில் தானாக விழுந்தது. அவை கூடி, மரம் விழவில்லை, நீண்ட நாள் தொண்டாற்றி ஓய்வு பெற்றது என்று முடிவு செய்து, மாலை போட்டது. அடியில் அகப்பட்ட மாட்டுக்கும் ஒரு மாலை கிடைத்தது.

கரைத்தெருவில் வலை பின்னிப் பிழைத்த முளரி, வேண்மாளின் அடுத்த வீட்டுக்காரி. மாடு அவளுடையது. “ஓய்வு பெத்த மரத்துக்கு மாலை போட்டாங்க. ஓய்வு பெத்த மாட்டுக்கும் மாலை போட்டாங்க. நான் எப்ப ஓய்வு பெறுவேன்னுதான் தெரியல அக்கா,” என்றாள்.

மழைக்கு அதிக நாளில்லை. வளைவில் நிற்கும் மரங்கள் போனால் தெரு போகும் என்பது வேண்மாளுக்குத் தெரிந்திருந்தது. தெருவை ஏற்றிவைக்க ஒரே ஓர் இடம்தான் உண்டு: உள்மனைக்குச் சொந்தமான மேடு. அதைத் திறந்துவிட ஒருவரால்தான் முடியும்: கரை அமைச்சரால். அடுத்த கரை அமைச்சராக உள்மனையிலிருந்து வெளியே வந்திருப்பவன் தித்தன். அவள் தம்பி.

பெற்றோர் போன பிறகு அவனை வளர்த்தவள் அவள்தான். எலும்பும் தோலுமாக, எப்போதும் பசியோடு இருந்த பிள்ளை. தன் தட்டைக் காலிசெய்துவிட்டு அவள் தட்டைப் பார்ப்பான். “அக்கா, இன்னும் இருக்கா?” என்பான். அவள் எப்போதும் இருக்கிறது என்பாள். அந்தப் பசியைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவனை உள்மனையில் சேர்த்தாள். உள்ளே போகிறவன் வெளியே வரும்போது பழைய சட்டையை உள்மனைச் சாளரத்தில் பாதி வெளியே தொங்கும்படி விட்டுவர வேண்டும் என்பது வழக்கம். ஊர்மக்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். தித்தனின் சட்டையையும் ஒற்றிக்கொண்டார்கள். அது மிகப் பெரிய சட்டையாக இருந்தது.

பதவியேற்புக்கு முந்தைய நாள் அவன் வீட்டுக்கு வந்தான். பளபளவென்று இருந்தான். அவள் இலை போட எழுந்தபோது தடுத்தான்.

“வேணாம் அக்கா. வெளிய வந்ததிலேர்ந்து களஞ்சியத்து அரிசியில ஒரு பருக்கை தொடலை. இனியும் தொட மாட்டேன். உன்மேல சத்தியம்.”

அவன் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. சிறுவயதிலும் அவன் அவளிடம் பொய் சொன்னதில்லை. அவனைக் கொல்லைக்கு அழைத்துப்போய் மரத்தின் முன் நிறுத்தினாள்.

“தட்டிப் பாரு.”

“தட்டக் கூடாது. சட்டம்.”

“யார் போட்ட சட்டம்?”

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் பழைய பிள்ளை இருந்தான். “நான் எழுதினதுதான். உள்ள இருக்கும்போது.”

அவள் மேட்டைப் பற்றிச் சொன்னாள். மழைக்கு முன்னால் தெருவை ஏற்றிவிடலாம் என்றாள். இத்தனை வார்த்தை அவள் ஒரே மூச்சில் பேசி அவன் கேட்டதில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, வருத்தத்தோடு தலையசைத்தான்.

“மேட்டைத் திறந்தா மரம் சரியில்லைன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். வெளிய வந்தவங்க கையெழுத்து மட்டும்தான் போடுவோம் அக்கா. எழுதறது, மாத்தறது எல்லாம் உள்ள இருக்கறவங்க வேலை. நான் வெளிய வர்றதுக்கு வழி பண்ணிட்டுத்தான் வந்தேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் கிடையாது.”

அவள் கேட்டாள்: “உள்ள என்ன சாப்பிட்டே?”

அவன் மரத்திலிருந்து துருத்திக்கொண்டிருந்த ஒரு வெற்று ஓட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அதைச் சாப்பாடுன்னு சொல்றதில்லை,” என்றான். “அங்க அதுக்குப் பேரு பயிற்சி.”

மறுநாள் அவை முற்றம் நிரம்பியிருந்தது. களஞ்சியத்தில் நெல் குறைந்துபோனதால் அந்த ஆண்டு மக்களுக்கு அரைப்பங்குதான் கிடைத்திருந்தது; ஆனாலும் வந்திருந்தார்கள். உண்ணாத அமைச்சரைப் பார்ப்பதில் அவர்களுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. பெருஞ்சேந்தனார் எழுந்து, பூச்சியின் பெருமையைப் பேசினார். தேனையும் வெல்லத்தையும் மறுத்த கதையைச் சொல்லும்போது வழக்கம்போல் அவர் குரல் தழுதழுத்தது. கூட்டத்திலும் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வேண்மாளும் துடைத்துக்கொண்டாள். அந்தப் பூச்சியின்மேல் அவளுக்கிருந்த மதிப்பு அங்கிருந்த யாருக்கும் இருந்திருக்காது.

தித்தன் மேடையில் வந்து நின்றான்.

“பசிக்கிறதா?” என்றாள் வேண்மாள்.

“பசியில்லை,” என்றான்.

இனி அவன் வாயைத் திறக்க வேண்டும். திறந்தும் விட்டான். அவள் குனியவில்லை. அவள் வழக்கமாக மௌனமாக இருப்பவள் என்பதால் முதலில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மௌனம் நீண்டது. அவன் திறந்த வாயோடு நின்றுகொண்டிருந்தான். பெருஞ்சேந்தனார் கனைத்தார்.

“ஏன்?” என்றாள் வேண்மாள்.

அந்த மேடையில் அதுவரை யாரும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. தித்தன் வாயை மூடிக்கொண்டான். அவளையே பார்த்தான். சொல்லிவிடுவான் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. அவன் உதடு அசைந்தது. ஆனால் அவனிடம் அதற்கான சொல் இல்லை. அது உள்மனையில் இருந்தது.

பெருஞ்சேந்தனார் கைகொடுக்க வந்தார். “கேள்வி முறைக்குப் புறம்பானது. எனினும் அவை வெளிப்படையானது, ஆகவே விடையளிக்கிறோம். நாட்டின்மேல் கொண்ட அன்பே அமைச்சர் பெருமானின் வயிற்றை நிறைத்துள்ளது. அதனால் அவருக்குப் பசியில்லை.”

கூட்டத்தின் கடைசியிலிருந்து முளரியின் குரல் வந்தது. கத்தவில்லை, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறவள்போல்தான் சொன்னாள்.

“எங்களுக்கும் அன்பு இருக்குதுங்க. வயிறுதான் நெறைய மாட்டேங்குது.”

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஓரிடத்தில் தொடங்கி முற்றம் முழுக்கப் போயிற்று. பிறகு திடீரென நின்றது. அந்த அமைதியில் ஒவ்வொருவரும் எதையோ எண்ணிப் பார்ப்பது தெரிந்தது. வேண்மாள் குனிந்து தம்பியின் வாயைப் பார்த்தாள். பல்லிடுக்கும் நாவடியும் பார்த்தாள்.

“வாய் தூய்மை,” என்றாள். அது உண்மை.

ஆரவாரம் எழவில்லை. அன்று மாலையே அவை கூடி, வாய்ச்சோதனையில் இனிக் கேள்வி கிடையாது, வாயைப் பார்த்தால் போதும் என்று தீர்மானித்தது. வேண்மாளுக்கு அவளது நீண்ட தொண்டைப் பாராட்டி ஓய்வு கொடுத்தார்கள். மாலையும் போட்டார்கள்.

கரைத்தெருக்காரர்கள் வீடு திரும்பினார்கள். முதலில் யார் தட்டியது என்று பிறகு யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒரு வீட்டுக் கொல்லையில் டொக்கென்று ஓர் ஓசை. சற்றுப் பொறுத்து அடுத்த கொல்லையில். பிறகு தெரு நெடுகத் தட்டினார்கள். கரண்டியால், உலக்கையால், விரல் கணுவால். நாடு கடத்தப்பட்ட மரங்கொத்திகள் திரும்பிவிட்டன என்று காவலர்கள் மேலிடத்துக்குச் செய்தி அனுப்பினார்கள். பறவைகளைப் பிடிக்க வலையோடு ஒரு படை வந்தது. அதற்குள் தெரு கட்டிலையும் பானையையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. மரத்தைத் தட்டக் கூடாது என்று சட்டம் இருந்தது; சாயக் கூடாது என்றும் இருந்தது. கட்டிலைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது என்று ஒரு சட்டம் எழுத யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. காவலர்கள் ஓரமாக நின்று வழிவிட்டார்கள். ஒருவர் ஒரு கிழவரின் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேட்டின் வேலியை முளரியும் மற்றப் பெண்களும் பிரித்தார்கள், அடுப்புக்கு ஆயிற்று. யாரும் யாருக்கும் கட்டளையிடவில்லை. அவ்வளவு ஒழுங்கான காரியத்தை வேண்மாள் அந்த நாட்டில் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்துப்பூச்சிக்கு அடுத்தபடியாக அவள் வியந்தது அன்றைய கரைத்தெருவைத்தான்.

மழை வந்தது. ஆறு வந்து கரையை முகர்ந்து பார்த்தது. இம்முறை திரும்பிப் போகவில்லை. வளைவு மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்வு பெற்றன. விழுந்து பிளந்த ஒவ்வொரு மரத்தின் உள்ளும் நெடுக வழுவழுவென்று சுரங்கங்கள் ஓடின. ஒரு தச்சன் அவ்வளவு அழகாக இழைக்க முடியாது. தெரு போயிற்று. உயிர் ஒன்றும் போகவில்லை. நாட்டுச் சின்னத்தின் அருளால்தான் உயிர்ச்சேதம் இல்லை என்று அவை அறிவித்தது.

தித்தனின் பருவம் முடிந்தது. அந்தப் பருவம் முழுக்க அவன் ஒரு பருக்கையும் தொடவில்லை. பதவி விலகும் அமைச்சருக்கு உள்மனையில் சில பிள்ளைகளைச் சேர்க்கும் உரிமை உண்டு. எல்லாரும் சொந்தபந்தத்தில் சேர்ப்பார்கள். தித்தன் மட்டும் தன் உரிமையைக் கரைத்தெருவுக்குக் கொடுத்தான். வீடிழந்த ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒரு பிள்ளை உள்மனைக்கு வரலாம். அப்படி ஒரு பெருந்தன்மையை மருதவேலி கண்டதில்லை. அவன் மனதாரத்தான் செய்தான். அக்காவுக்காகச் செய்தான். செய்தியைச் சொல்லிவிட்டு அன்று மாலையே ஊரைவிட்டுப் போனான். பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.

உள்மனை வாசலில் வரிசை நின்றது. வேண்மாள் கையில் ஒரு சோற்றுப் பொட்டலத்தோடு வரிசையோரமாக நடந்து வந்தாள். அதிலே முளரி தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். வேண்மாளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு திரும்பினாள்.

“என்னைப் பாக்காத அக்கா. தெரியாமலா நிக்கறேன்? வீடு போச்சு, மாடு போச்சு. உள்ள போனா இதுவாவது நாலு வேளை தின்னும். நீயும்தானே உன் தம்பியை அனுப்பினே?”

முன்னும் பின்னும் நின்றவர்கள் வேண்மாள் என்ன சொல்லப் போகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார்கள். அவள் அந்தப் பெண்குழந்தையின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

“பசிக்குதா?”

“பசிக்குது,” என்றது குழந்தை.

வேண்மாள் பொட்டலத்தைப் பிரித்தாள். பழைய சோறும் சுட்ட கருவாடும் இருந்தன. அவள் பங்கு அது; அன்றைக்கு அவளுக்கு அதுதான் எல்லாமும். குழந்தை சாப்பிட்டு முடித்துவிட்டு இலையைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. இன்னும் இருக்கிறதா என்று அது கேட்கவில்லை. ஆனால் அவளுக்குக் கேட்டது.

“இல்லை,” என்றாள். “நாளைக்குச் சேந்து சமைக்கலாம். மேட்டுக்கு வா.”

வாசல் திறந்தது. வரிசை ஓரடி முன்னால் நகர்ந்தது. முளரி நகரவில்லை. மகளின் கையைப் பிடித்தபடி, திறந்த வாசலையும் காலியான இலையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவர் சற்று நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு அவளைச் சுற்றிக்கொண்டு, தன் பிள்ளையை இழுத்தபடி முன்னால் போனார்.